தேவா அண்ணன் எழுதிய நான்கு 0.4

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.42. எங்கள் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் பதினான்கு பேர். முந்தைய நாள் எங்கள் கோவில்பதாகை கால்பந்து அணி வாங்கிய கோல் ஐந்து, அடித்தது பூஜ்யம். அதில் நான்காவது கோலை யார் எடுத்துக்கொள்வது என்று நானும் ஏழுமலையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது தேவா அண்ணனின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. நான் பெயரை மட்டும் பார்த்தேன், செய்தியைப் படிக்கவில்லை. "வாங்கண்ணா, நாலாவது கோல் உங்களுக்குத்தான்" என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் மேலே இருந்ததைப் படித்தேன். "என் கணவர் தேவசகாயம் இன்று காலை 5.10 மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ரோஸ்லின்."

என் செய்தியை அழிக்கப் போனேன். அதற்குள் பன்னிரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். அப்படியே விட்டுவிட்டேன். ஏழுமலை உடனே போன் செய்தான். "மச்சி, இன்னாடா இது? யாராச்சும் வெளாடுறாங்களா? அண்ணாத்தேக்கு முதுகுவலிதானே சொன்னாரு?" என்றான். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டு நாட்களுக்கு முன்புதான் அவர் மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் கோல்கீப்பரைக் காது கூசும்படி திட்டினார். முதுகில் டிஸ்க் இறங்கிவிட்டது என்றார். நம்பினோம்.

இதை வியாழக்கிழமை எழுதுகிறேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் கொடுக்கப்போகும் தாள் இது. அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு நான்கு வரி: தேவசகாயம், வயது அறுபத்திரண்டு. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து இருபத்திரண்டு வயதில் ஆவடிக்கு வந்தவர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் அணிக்காக ஒருநாளும் ஆடியதில்லை, ஆனால் கடைசி ஒன்றைத் தவிர ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை.

அவர் எனக்கு வழிகாட்டி, குரு என்றெல்லாம் யாரும் சொல்ல வேண்டாம். எங்களுக்குள் முக்கால்வாசி நேரம் சண்டைதான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எதற்கும் எண் கேட்பவன். அவருக்கு அது பிடிக்காது. "எஞ்சினியரே, நீ பொண்ணு பாக்கப் போனாலும் ஸ்கேலக் கொண்டுட்டுத்தான் போவ, கேட்டியா" என்பார்.

கோல் பங்கு என்பது எப்படி வந்தது என்று புதியவர்கள் கேட்கிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு 0-9 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்து மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒருவன் நடுவரைத் திட்டினான், ஒருவன் வெயிலைத் திட்டினான். தேவா அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒம்பது வாங்கியாச்சி மக்களே. ஒம்பதையும் ஒருத்தனே சொமந்தா முதுகு ஒடிஞ்சி போவும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்க. எடுத்தவன் அந்தக் கோல் எப்படி விழுந்துதுன்னு உள்ளதைச் சொல்லணும். நடுவர் பேச்சு கூடாது, வெயில் பேச்சு கூடாது. பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லு."

அன்றிலிருந்து ஐந்து கோலோ அதற்கு மேலோ வாங்கினால் அதுதான் வழக்கம். அபத்தமாக இருக்கும், ஆனால் வேலை செய்தது. ஒரு கோலைப் பற்றி மட்டும் பேசும்போது அது தாங்கக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த முதல் நாள் பஷீர் பாய்க்கு ஐந்தாவது கோல் வந்தது. கரையான்சாவடியில் பீரோ பட்டறை வைத்திருப்பவர் அவர், அணியின் மிகப் பழைய ரசிகர். "நானு அப்ப முறுக்கு வாங்கப் போயிருந்தேன், பாக்கல" என்றார். தேவா அண்ணன் கைதட்டினார். "இதாக்கும் உண்மை. முறுக்கு எப்படி இருந்து?"

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை ஆறு கோல் வாங்கினோம். ஆறையும் பங்கு போட்டு முடித்தோம். எல்லோரும் கிளம்பும்போது தேவா அண்ணன், "ஏழாவது என்னுது" என்றார்.

ஏழுமலை சிரித்தான். "ஆறுதானே அண்ணாத்தே வாங்குனோம்? நீ வேற எச்சா ஒண்ணு போட்டுக்கினு."

"இது எனக்கு மட்டும் விழுந்தது. ப்ராஸ்டேட். கேன்சர். எலும்புக்கும் போயிருக்காம். எப்படி விழுந்ததுன்னா, ரெண்டு வருசமா ராத்திரில நாலு தடவை எந்திச்சிப் போனேன். வயசுன்னு நெனச்சேன். யாருட்டயும் சொல்லல. அது என் தப்பு. அவ்வளவுதான் கோலு."

டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்தார். பஷீர் பாய் மட்டும், "நாலு தபாவா?" என்று கேட்டார். பிறகு மெதுவாக, "எனக்கு அஞ்சு தபா, தேவா" என்றார்.

அப்படித்தான் பாய்க்குத் தெரிந்தது. மறுவாரமே தேவா அண்ணன் அவரை இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். பி.எஸ்.ஏ. என்று ஓர் அளவு உண்டு, ப்ராஸ்டேட் பற்றி ரத்தம் சொல்லும் எண். பாய்க்கு 14 இருந்தது. தேவா அண்ணனுக்கு அப்போது 86. பாய்க்குச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கும் கேன்சர்தான், ஆனால் சுரப்பிக்குள்ளேயே இருந்தது, வெளியே போகவில்லை. தேவா அண்ணனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. பாய்க்கும் ஊசி, கூடவே கதிர் சிகிச்சை வேண்டும் என்றார்கள். ஊசி போட்ட பின் தேவா அண்ணனின் எண் சரசரவென்று இறங்கி 0.4க்கு வந்தது.

நான் என் வேலையைச் செய்தேன். கணினியில் ஒரு விரிதாள் போட்டேன், இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பத்தி. பரிசோதனை முடிந்ததும் எண்ணைக் குழுவில் போடுவார்கள், நான் ஏற்றி வரைபடத்தை அனுப்புவேன். தேவா அண்ணனின் கோடு மலையிலிருந்து விழுந்து தரையில் படுத்திருந்தது. அழகான கோடு. பெருமையாக அனுப்பினேன்.

பாய் கதிர் சிகிச்சைக்குப் பயந்தார். "கரண்டு வச்சி சுடுவாங்களாம் தம்பி, நானு பட்டறைல வெல்டிங் பாத்தவன், எனக்குத் தெரியாதா" என்றார். எத்தனை விளக்கினாலும் கேட்கவில்லை. ஒரு வருடம் இழுத்தடித்து, கடைசியில் எப்படியோ ஒப்புக்கொண்டார். எப்படி என்று அப்போது நான் விசாரிக்கவில்லை. எனக்கு வேண்டியது முடிவு, அது வந்துவிட்டது.

அந்தச் சிகிச்சைக்கு ஒரு விதி உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். முன்கூட்டியே தண்ணீர் குடித்துவிட்டு, அழைக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஏழுமலை வேப்பம்பட்டிலிருந்து தண்ணீர்க் கேன் போடுகிறவன். அவனுடைய குட்டியானை மினி லாரியில்தான் தினமும் போனார்கள். பின்னால் இருபது கேன் குலுங்கும். முன்னால் மூவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாய் கையில் பாட்டில். நான் இரண்டு நாள் லீவு போட்டு, கேன்களோடு பின்னால் உட்கார்ந்து போனேன். பூந்தமல்லி சாலையின் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னாலிருந்து ஒரு கூச்சல் வரும்.

"மெதுவாடா டேய்! டேங்க் ஃபுல்லு!"

"நானு இன்னா பாய் பண்றது, ரோடு அப்டி கீது!"

காத்திருக்கும் அறையில் பாய் நெளிவார். தேவா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "பாய், 0-9 சொல்லும். மொதக் கோல்ல இருந்து" என்பார். பாய் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். லெஃப்ட் பேக் வழுக்கியது, கீப்பர் வெளியே வந்தது, பந்து அவன் காலுக்கு நடுவே போனது. ஏழாவது கோல் வருவதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பக்கத்தில் காத்திருந்த இன்னொருவர் ஒருநாள், "ஏழாவது எப்படி விழுந்துச்சு சார்? நேத்தும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க" என்று கேட்டாராம். இருபத்தைந்து நாட்களும் தேவா அண்ணன் கூடப் போனார். ஒருநாளும் விடவில்லை.

அந்த இருபத்தைந்து நாட்களும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது எனக்கு இந்தத் திங்கட்கிழமைதான் தெரியும்.

அடக்கம் முடிந்து கோவில்பதாகையில் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ரோஸ்லின் அக்கா உள்ளே போய் ஒரு நீல ஃபைலை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "நம்பர் எல்லாம் நீதானே தம்பி எழுதுவ. இது உன்கிட்ட இருக்கட்டும்."

திறந்தேன். கடைசி நான்கு அறிக்கைகள். 3.8. 11. 39. 102.

மீண்டும் பெயரைப் பார்த்தேன், வயதைப் பார்த்தேன். வேறு யாருடைய அறிக்கையோ மாறி வந்திருக்கிறது என்று நினைத்தேன். போனை எடுத்து விரிதாளைத் திறந்தேன். அதே மாதங்களுக்கு அவர் குழுவில் போட்டிருந்த எண்கள் வரிசையாக இருந்தன. 0.4. 0.4. 0.4. 0.4.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தக் கருவியும் நான்கு முறை அளந்தால் நான்கு முறையும் அச்சாக ஒரே எண்ணைத் தராது. கொஞ்சமாவது ஆடும். அப்படி ஒரே எண் வரிசையாக வந்தால், அளக்காமல் உட்கார்ந்த இடத்தில் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம். அப்படிப்பட்ட சான்றிதழ்களை நான் மாதத்துக்கு இரண்டையாவது திருப்பி அனுப்புகிறேன், எழுதியவனை அழைத்துக் கத்துகிறேன். இங்கே நான்கையும் என் கையால் ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் கைதட்டும் பொம்மையைச் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்து நான் செய்ததும் தப்பு. அறையில் எல்லோரும் இருக்கும்போதே சத்தமாகச் சொன்னேன். "அண்ணன் பொய் சொல்லியிருக்கார். ஒரு வருசமா ஏறிக்கிட்டே இருந்திருக்கு." எனக்கு வாயைக் கட்டிப் பழக்கமில்லை. பஷீர் பாய் எதிரே உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார், தாளைக் கொடுத்தேன். நான்கு தாள்களையும் நிதானமாகப் பார்த்தார்.

"அதே ஊசிதானே எனக்கும்?" என்றார்.

"பாய், அது வந்து..."

"அதே ஊசிதானே?"

"அதேதான்."

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலையிலிருந்து எங்கள் போனை எடுக்கவில்லை. குழுவில் மட்டும் ஒரு வரி போட்டார்: "அடுத்த செவ்வாய்க்கிழமை ஊசிக்கு நான் போவல. யாரும் வரவேணாம்."

ரோஸ்லின் அக்காவிடம் கேட்டேன். துக்க வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி என்று தெரியும், இருந்தாலும் கேட்டேன். ஏன்?

"பாய் கதிருக்குப் போகமாட்டேன்னு நின்னாருல்ல தம்பி, அப்ப இவங்ககிட்ட வந்து, உன் நம்பர் எறங்கியே இருந்தா நானும் போறேன் தேவா, ஏறுச்சின்னா என்னைக் கூப்பிடாதன்னு சொல்லிட்டுப் போனாரு. அடுத்த நாளே இவங்களுக்கு ரிப்போர்ட் வந்தது. மூணு புள்ளி எட்டு. ரொம்ப நேரம் போனைக் கையில வச்சிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பழைய நம்பரையே போட்டாங்க. ஒருதடவை போட்டப்புறம் மாத்த முடியல. டாக்டர் மருந்தை மாத்தினாங்க, அதுவும் கேக்கல. பாய் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி போன் பண்ணி, உனக்கு எவ்வளவுன்னு கேப்பாரு. இவங்க சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. வச்சதும் செவுத்தைப் பாத்து உக்காந்துருவாங்க."

உள்ளதைச் சொல்லணும் என்று எங்களுக்கு விதி போட்டவர். முறுக்கு வாங்கப் போனதைக்கூட மறைக்கக் கூடாது என்றவர். மூன்று நாட்கள் ஆகிவிட்டன, எனக்கு இன்னும் இது உள்ளே இறங்கவில்லை. அழுகை வரவில்லை. அவரை எழுப்பிச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. எங்களிடம் சொல்லியிருந்தால் நோய் நின்றிருக்காது, தெரியும். முதுகுவலியோடு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதாவது இருந்திருக்காது.

நேற்று வேலையிலிருந்து நேராகக் கரையான்சாவடிக்குப் போனேன். பாய் பட்டறையில் ஒரு பீரோவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியை நிறுத்தவில்லை. கம்ப்ரெஸர் சத்தத்தில் இருவரும் கத்த வேண்டியிருந்தது.

"பாய், அவருக்கு மொத நாளே எலும்புல இருந்துச்சு. உங்களுக்கு உள்ளயே இருந்துச்சு, கதிர் வேற குடுத்தாச்சு. உங்க நம்பர் 0.1. ரிப்போர்ட்டை நானே பார்த்தேன். ரெண்டும் வேற மேட்ச்!"

"மேட்ச் வேறயா இருக்கலாம் தம்பி. செத்தது நம்மாளு."

"அதுக்கு நீங்க ஊசியை நிறுத்தினா?"

சுவிட்சை அணைத்தார். திடீரென்று அமைதி. பெயின்ட் படிந்த கையோடு என் அருகே வந்தார்.

"ஒண்ணு கேக்குறேன். நீ படிச்சவன். ஒரே நம்பரு நாலு தபா வந்துச்சே, உனக்குத் தெரியலயா?"

ஆய்வுக்கூடத்தில் இருந்தால் ஆயிரம் காரணம் சொல்லியிருப்பேன். "மூணாவது தடவை பார்த்தேன் பாய். உறுத்துச்சு. கேட்டா வேற பதில் வந்துருமோன்னு கேக்கல" என்றேன்.

அவர் பீரோவின் கதவைத் திறந்து, உள்ளே ஈரம் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். "நானும்தான்" என்றார். "ஒருநாளு வண்டில ஏறச்சொல்ல இடுப்பப் புடிச்சிகினு நின்னான். மூஞ்சி வெளுத்துப்போச்சு. நானு பாத்தேன். கேட்டா, இல்லன்னு சொல்லுவான், அது எனக்கு வேணும்னு இருந்துச்சு. அதான் கேக்கல." துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னைக் கொண்டுபோய் அந்தக் கதிர் மெஷின்ல படுக்க வைக்கத்தான் அவன் அத்தினி பொய்யும் சொன்னான்னு ரோஸ்லினம்மா போன்ல சொல்லிச்சு. அதான் தாங்கல, தம்பி. ஊசி வலி இல்ல."

செவ்வாய்க்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "தெரில" என்றார். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது, எம்பேரையும் போடு, கூட்டத்துல எத்தினி பேருக்கு அஞ்சு தபாவோ யாருக்குத் தெரியும்" என்றார். ரோஸ்லின் அக்காவும் படித்துவிட்டுச் சரி என்றார். ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் தவறான அளவை அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசவும் கூடாது. அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட வேண்டும், பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். நேற்று இரண்டு பத்திகளையும் அச்சடித்து எடுத்தேன். நான்கு 0.4க்கும் குறுக்கே கோடு போட்டேன். பக்கத்தில் 3.8, 11, 39, 102 என்று எழுதினேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு தாள்தான். ஒருவன் தனக்கு உண்மையாகவும் இன்னொருவனுக்குத் துணையாகவும் வைத்திருந்த இரண்டு வரிசை எண்கள் அதில் இருக்கின்றன. ஒன்றை அழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

இனி செய்யப்போவது:

1. குழுவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஆறு பேர். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, மருத்துவரைப் பார்க்க நாள் குறிப்பேன். "அப்புறம்" என்பவரிடம் அங்கேயே இன்னொரு முறை கேட்பேன்.

2. இனி எண்ணை மட்டும் ஏற்ற மாட்டேன். எண்ணோடு "வலி எங்கே?" என்று ஒரு பத்தி. அதை நானே நேரில் போய்க் கேட்டு நிரப்புவேன்.

3. எனக்கு உறுத்தினால் அன்றே கேட்பேன். பதில் எதுவாக இருந்தாலும்.

4. ஞாயிற்றுக்கிழமைகளில் ரோஸ்லின் அக்கா வீட்டுக்கு நானும் ஏழுமலையும் போவோம். பேச எதுவும் இல்லாவிட்டாலும் கேன் இறக்க ஆள் வேண்டும்.

5. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழுமலையின் வண்டி பட்டறை வாசலில் நிற்கும். பாய் வெளியே வரும்வரை நாங்கள் ஹாரன் அடிக்க மாட்டோம். கிளம்பவும் மாட்டோம்.